13 வயது, 37 கிலோ எடை: மகளுக்கு எந்த ஸ்னோபோர்டு வாங்கலாம்?

கூடல்நகர்_அப்பா எழுதியது:

வணக்கம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஸ்னோபோர்டைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் இங்கே வந்திருக்கிறேன். என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. எங்கள் தெருக்கோடியில் பாதி கட்டி நின்றுபோன ஒரு கட்டிடத்தின் சிமெண்ட் தளத்தில் மூன்று வருஷமாக ஸ்கேட்போர்டு ஓட்டுகிறாள். காலையில் சிலம்பம், சாயங்காலம் ஸ்கேட்போர்டு, முழங்கால் காயம் ஆறவே ஆறாது. என் தம்பி குடும்பத்தோடு கனடாவில் கால்கரியில் இருக்கிறான். போன வருஷம் அரையாண்டு லீவோடு இன்னும் பத்து நாள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி அவளை அங்கே கூட்டிப் போனோம். ஊருக்குள்ளேயே 1988 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த மலை ஒன்று இருக்கிறது, அங்கே தம்பி அவளை வகுப்பில் சேர்த்துவிட்டான். வாடகை போர்டில் முதல் மூன்று நாள் விழுந்து எழுந்து, அப்புறம் இரண்டு பக்கமும் திரும்பி இறங்கக் கற்றுக்கொண்டாள்.

இந்த டிசம்பரில் மறுபடி போகிறாள். இப்போது அவள் கேட்பது டெரெய்ன் பார்க், அதாவது குதிக்கப் பனிமேடு, சறுக்க நீளப் பெட்டி (பாக்ஸ்) எல்லாம் வைத்திருக்கிற இடம். சின்ன ஜம்ப், பாக்ஸ் மேலே சறுக்குவது, பின்பக்கமாக ஓட்டுவது, இதெல்லாம் பழக வேண்டுமாம். ஆனால் சித்தப்பாவோடு பான்ஃப் பக்கம் பெரிய மலைக்கும் போவாள், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு வேண்டும், இரண்டு வாங்க வசதி இல்லை.

தம்பியின் ஆபீஸில் ஒருவர் தன் மனைவியின் 147 செ.மீ. போர்டைப் பைண்டிங்கோடு (பூட்ஸைப் போர்டில் கட்டுகிற பட்டை) சல்லிசான விலைக்குத் தருகிறேன் என்கிறார். ஒரே ஒரு சீசன் ஓட்டியது. 50 முதல் 70 கிலோ வரை என்று போட்டிருக்கிறது, கொஞ்சம் விறைப்பான போர்டாம். மகளின் உயரம் 149. வீட்டில் என் மனைவியும் அம்மாவும் சொல்வது, வளர்கிற பிள்ளை, யூனிஃபார்ம் தைக்கும்போது ஒரு சாண் உள்ளே மடித்துத் தைப்பது போல இதையும் பெரிதாகவே வாங்கிவிட்டால் நாலு வருஷம் வரும் என்று. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. வாங்கலாமா? வேண்டாம் என்றால் எவ்வளவு நீளம், எந்த மாதிரி போர்டு பார்க்கச் சொல்லட்டும்?


திருமங்கலத்துப்_பொண்ணு எழுதியது:

அண்ணே, அந்த 147 வேண்டாம். சும்மா கொடுத்தாலும் பாப்பா காலில் மாட்ட வேண்டாம்.

நான் திருமங்கலம், இப்போது கால்கரியில் ஒன்பது வருஷம். என் எடை 48 கிலோ, கல்யாணம் ஆகி வந்த முதல் குளிர்காலத்தில் நானும் இதே தப்பைச் செய்தேன். தள்ளுபடியில் கிடைத்தது என்று 151 வாங்கினேன், அதுவும் விறைப்பானது. சீசன் முழுக்க, நேராகப் போகும்போது சரி, திரும்ப வேண்டும் என்றால் மட்டும் போர்டு நான் சொன்னதைக் கேட்காது. உடம்பை முறுக்கி, பின்காலை உதைத்துத் தள்ளித் திருப்புவேன். மத்தியானத்துக்குள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் தோழி ஒருத்தியின் 142 போர்டை அரை நாள் வாங்கி ஓட்டினேன், இரண்டாவது திருப்பத்திலேயே புரிந்துவிட்டது.

போர்டு ஒரு வில் மாதிரி. நீங்கள் எட்ஜில், அதாவது போர்டின் ஓரத்து இரும்பு விளிம்பில், சாய்ந்து நிற்கும்போது உங்கள் எடைதான் அதை வளைக்கிறது, வளைந்த அந்தக் கோட்டில்தான் போர்டு திரும்புகிறது. 60 கிலோ ஆளுக்காகச் செய்த வில்லை 37 கிலோ பிள்ளை எவ்வளவு அழுத்தினாலும் பாதிதான் வளையும். பார்க்கில் இது இன்னும் மோசம். ஒல்லி என்று ஒரு குதிப்பு இருக்கிறது, பாப்பாவுக்கு ஸ்கேட்போர்டில் தெரிந்திருக்கும். பனியில் அது போர்டின் பின்முனையான வாலைத் தட்டி எழும்புவது இல்லை, பின்காலுக்கு எடையை மாற்றி வாலை வளைத்து, அது திரும்ப நிமிர்கிற வேகத்தில் மேலே போவது. வளையாத வாலில் நின்றுகொண்டு எப்படிக் குதிப்பது? அவள் காலாலேயே குதிப்பாள், போர்டு கீழே இழுக்கும். அந்த 147-ம் பைண்டிங்கும் சேர்ந்தால் நாலு கிலோ வரும், அவள் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

அதனால் நீளத்தை உயரத்தை வைத்தோ வயசை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். தாடை வரை, மூக்கு வரை என்று சொல்வதெல்லாம் கடையில் அவசரத்துக்குப் பார்க்கிற கணக்கு. ஒவ்வொரு போர்டுக்கும் நிறுவனமே எடை வரம்பு போட்டிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். 37 கிலோவுக்கு, பார்க்கும் வேண்டும் மலையும் வேண்டும் என்றால், 128 முதல் 133 வரை தேடச் சொல்லுங்கள்.

வளர்கிற பிள்ளை என்று அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கு வேறு வழி உண்டு. எடை வரம்பு 35-லிருந்து 50 வரை என்று இருக்கிற போர்டாக எடுங்கள். இப்போது அவள் வரம்பின் கீழ்ப்பக்கம் இருப்பாள், இரண்டு சீசன் கழித்து மேல்பக்கம் வருவாள். யூனிஃபார்மில் மடித்துத் தைத்ததைப் பிரித்து விடலாம், போர்டில் பிரித்து விட ஒன்றும் இல்லை.


மேலூர்க்காரன் எழுதியது:

அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. நான் நியூசிலாந்தில் படிக்கும்போது குயின்ஸ்டவுனில் இரண்டு குளிர்காலம் வாடகை போர்டு கடையின் பட்டறையில் வேலை பார்த்தேன், ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல் போர்டு எடுத்துக் கொடுப்போம். பிள்ளைகளுக்குப் பெரிய போர்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சண்டை போடாத அப்பா அங்கேயும் குறைவுதான் சார், எல்லா ஊரிலும் இந்த எண்ணம் இருக்கிறது.

நீளத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அகலத்தை விட்டுவிடுவார்கள். எடை குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் பாதமும் சின்னதாகத்தான் இருக்கும். போர்டின் நடுவில் இருக்கும் அகலத்தை வெய்ஸ்ட் என்பார்கள், மில்லிமீட்டரில் போட்டிருக்கும். அந்த 147-ல் அது 240-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் மகளின் பாதம் 23 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போர்டின் ஓரம் வரைக்கும் எட்டாது. எட்ஜை அழுத்துவது குதிகாலும் விரல்களும்தான், அவை உள்ளே தள்ளி இருந்தால் கதவைக் கீல் பக்கம் பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாற நேரம் எடுக்கும், அந்தத் தாமதத்தில்தான் எட்ஜ் பனியில் மாட்டிக் கவிழ்வது.

அளக்கிறது சுலபம். மகளைச் சுவரில் குதிகால் ஒட்ட நிற்க வைத்து, பெருவிரல் நுனி வரைக்கும் வெறுங்காலை அளந்து எழுதுங்கள், இரண்டு காலையும். உங்கள் தம்பி போர்டைப் பார்க்கும்போது நடு இடுப்பை அளக்காமல், பைண்டிங் திருகு துளைகள் இருக்கிற இடத்தில் குறுக்கே அளக்கட்டும். வெறுங்காலும் அந்த அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரியான போர்டு. பூட்ஸ் போட்ட பிறகு இரண்டு பக்கமும் ஒன்றரை, இரண்டு செ.மீ. வெளியே நீட்டும், அது இருக்கத்தான் வேண்டும்.

வடிவத்தில் ட்வின் எடுங்கள். மூக்கும் (முன்முனை) வாலும் ஒரே நீளம், ஒரே வளைவு, பைண்டிங்கும் சரியாக நடுவில். பின்பக்கமாக ஓட்டிப் பழகுகிறவளுக்கு இது வேண்டும். மூக்கு நீண்டு வால் குட்டையாக இருக்கிற டைரக்‌ஷனல் போர்டு ஆழமான பனியில் நன்றாக மிதக்கும், ஆனால் பின்பக்கமாகப் போகும்போது வேறு யாரோ ஓட்டுகிற போர்டு மாதிரி இருக்கும்.

விறைப்புக்கு நிறுவனங்கள் 1 முதல் 10 வரை ஒரு எண் போடுவார்கள். ஆளுக்கு ஆள் கணக்கு மாறும், ஒரு நிறுவனத்தின் 4 இன்னொன்றில் 6 மாதிரி இருக்கும், அதனால் கையால் பார்ப்பதுதான் நல்லது. கடையில் போர்டின் வால் தரையில் ஊன்ற, மூக்கை இடது கையில் பிடித்து, நடுவை வலது உள்ளங்கையால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், அதையும் தம்பி தள்ளக் கூடாது, மகளே தள்ள வேண்டும். அவள் கைக்கே ஓரளவு வளைந்து, விட்டதும் டப்பென்று நிமிர வேண்டும். வளையவே இல்லை என்றால் வேண்டாம். கோரைப்பாய் மாதிரி வளைந்து நிமிராமல் தொங்கினாலும் வேண்டாம், அது வேகத்தில் நடுங்கும், பெரிய மலையில் பயமுறுத்தும்.

ஒரு ஆசைக்காகச் சொல்கிறேன், மகளிடம் சொல்லுங்கள்: ஜப்பானின் கொகோமோ முரசே 2018-ல் நார்வேயில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஸ்னோபோர்டு பிக் ஏர் (ஒரே பெரிய ஜம்ப்பில் தாவுகிற பிரிவு) தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 13.


உசிலம்பட்டி_மலையேறி எழுதியது:

எல்லோரும் கால்கரி, நியூசிலாந்து என்கிறீர்கள், நான் இந்தியாவிலேயே, காஷ்மீர் குல்மார்கில் இரண்டு முறை போர்டு ஓட்டியவன். அங்கே எனக்கு வாடகைக்குக் கொடுத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எடை கேட்காமலேயே 158 எடுத்துக் கொடுத்தார், நான் 56 கிலோ. அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது. மூன்றாம் நாள் வேறு இடத்தில் 149 கிடைத்தது, ராக்கர் போர்டு, அதன் பிறகுதான் எனக்குப் பனி மேல் காதலே வந்தது.

அதனால் என் கருத்து ராக்கர். தரையில் வைத்தால் தோணி மாதிரி நடு மட்டும் தொட்டு, மூக்கும் வாலும் தூக்கி நிற்கும். ஓரம் மாட்டாது, சுழல்வது சுலபம், எடை குறைந்தவர்கள் அழுத்த வேண்டிய அவசியமே இல்லை, போர்டு முன்கூட்டியே வளைந்துதான் இருக்கிறது. பாக்ஸ் மேலே சறுக்கும்போதும் மூக்கு போய் இடிக்காது. 13 வயசுப் பிள்ளைக்கு அதைவிட நல்லது இல்லை என்று நினைக்கிறேன்.


திருமங்கலத்துப்_பொண்ணு எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது குல்மார்குக்குச் சரி. அங்கே ஊரே 2,650 மீட்டர் உயரம், கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது, விழுகிற பனி மாவு மாதிரி இருக்கும், அதில் ராக்கர் மிதந்து போகும். பாப்பா பழகிய கால்கரி ஒலிம்பிக் மலை அப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் இயந்திரம் வைத்து உண்டாக்குகிற பனி. காலையில் அழகாக வாரி விட்டிருப்பார்கள், பதினொரு மணிக்கு மேல் சிமெண்ட் தரை மாதிரி வழவழத்துப் போகும். சினூக் என்கிற வெப்பக் காற்று ஒரு நாள் அடித்து எல்லாம் உருகி, மறுநாள் மறுபடி உறைந்தால் அன்றைக்கு அது பனியே இல்லை, ஐஸ். அந்தத் தரையில் முழு ராக்கர் போர்டு பிடிமானம் இல்லாமல் நழுவும். ஜம்ப்புக்குப் போகிற பாதையிலேயே நழுவினால் பிள்ளை எப்படிக் குதிப்பாள்? அதுவும் எடை குறைந்தவளுக்கு எட்ஜை ஐஸில் ஊன்ற உடம்பு பலம் போதாது, போர்டுதான் உதவ வேண்டும்.

கேம்பர் என்பது ராக்கருக்கு நேர் எதிர், தரையில் வைத்தால் நடு தூக்கி நிற்கும், முனைகளுக்குப் பக்கத்தில் தொடும். ஏறி நின்றால் எடை எட்ஜ் நீளம் முழுக்கப் பரவும், பிடிமானமும் குதிக்கிற வேகமும் அதில்தான். கெட்ட குணம், கொஞ்சம் தப்பாக நின்றாலும் ஓரம் மாட்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அண்ணனுக்குச் சொல்வேன்: கால்களுக்கு நடுவிலும் கீழேயும் கேம்பர், முனைகள் மட்டும் கொஞ்சம் முன்னாடியே மேலே தூக்கிய ஹைப்ரிட். பிடிமானமும் கிடைக்கும், மூக்கும் மாட்டாது. அது கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்கென்று மிருதுவாகச் செய்த முழு கேம்பர் கூடப் பரவாயில்லை, ஏனென்றால் அவள் முதல் நாள் பழகுகிறவள் இல்லை, மூன்று வருஷம் ஸ்கேட்போர்டில் நின்ற கால். பர்ட்டனில் கஸ்டம் ஸ்மால்ஸ் என்று ஒன்று வருகிறது, பெரியவர்களின் கஸ்டம் போர்டைப் பிள்ளைகள் எடைக்குச் சுருக்கியது, கேம்பர், அந்த வகை. அதே நிறுவனத்தின் சாப்பர் முதன்முதலில் பனியில் கால் வைக்கிற குழந்தைக்கு, உங்கள் பிள்ளை அதைத் தாண்டிவிட்டாள். இந்தப் பெயர்தான் வேண்டும் என்று கடை கடையாக அலைய வேண்டாம், மற்ற நிறுவனங்களிலும் இதே மாதிரி இருக்கிறது.


உசிலம்பட்டி_மலையேறி எழுதியது:

சரிங்க அக்கா, அங்கத்துப் பனி எனக்குத் தெரியாது. இயந்திரப் பனி என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.


கூடல்நகர்_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் மகளோடு உட்கார்ந்து படித்தேன், கூடவே அம்மாவும். இன்று காலையில் தெருமுனை அரிசிக்கடைத் தராசில் ஏற்றி நிறுத்தேன், 37.4 கிலோ. போன டிசம்பரில் 33. பாதத்தை மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளந்தோம். இடது 23.1, வலது 22.8.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது சிலம்பம்தான். மகளின் ஆசான் புதுப் பிள்ளைகளுக்குக் கம்பு கொடுக்கும்போது நெற்றி உயரத்துக்கு நிறுத்திப் பார்ப்பார், அதோடு விடமாட்டார். கையில் கொடுத்து நாலு சுற்றுச் சுற்றச் சொல்வார். கம்பு பிள்ளையைச் சுற்றுகிறதா, பிள்ளை கம்பைச் சுற்றுகிறதா என்று பார்த்து, கனமாக இருந்தால் வாங்கி வைத்துவிட்டு மெல்லிய பிரம்பாக எடுத்துத் தருவார். பெரிய கம்பில் பழகினால் தோள் போய்விடும், அடவும் தப்பாகவே படிந்துவிடும் என்பார். இதை மகள் பாட்டியிடம் சொன்னதும், அப்படியென்றால் சின்னதே வாங்குங்கள் என்று முடித்துவிட்டார்கள். தம்பியிடம் 147 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஊரில் அக்டோபரில் பழைய ஸ்கீ, போர்டு எல்லாம் ஒரே இடத்தில் போட்டு விற்பார்களாம், அங்கே போகிறேன் என்கிறான். பழையது வாங்கலாமா? பார்த்து வாங்க அவனுக்கும் பெரிய அனுபவம் இல்லை. பூட்ஸும் பைண்டிங்கும் வேறு வாங்க வேண்டும்.


மேலூர்க்காரன் எழுதியது:

பிள்ளைகள் போர்டு என்றால் பழையதே வாங்குங்கள் சார், தயங்க வேண்டாம். இரண்டு சீசனில் வளர்ந்துவிடுகிறார்கள், பாதிப் போர்டுகள் பத்து நாள் கூட ஓடியிருக்காது.

தம்பி அங்கே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். போர்டைத் திருப்பிப் போட்டு, சுற்றி ஓடுகிற இரும்பு எட்ஜை விரல் நகத்தால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வரட்டும். லேசான துரு பிரச்சினை இல்லை, தேய்த்தால் போய்விடும். எட்ஜ் எங்காவது விரிசல் விட்டிருந்தாலோ, பலகையை விட்டு வெளியே பிதுங்கி நின்றாலோ வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அடிப்பக்கத்தில் கீறல் இருக்கும், அதை உருக்கி ஊற்றி அடைக்கலாம். ஆனால் கீறல் வழியாக உள்ளே மரம் தெரிந்தால், தண்ணீர் இறங்கியிருக்கும், உள்மரம் ஊறிவிடும். அப்புறம் மூக்கையும் வாலையும் கட்டைவிரலால் மேலும் கீழும் பிதுக்கிப் பார்க்கட்டும், மேல்தகடு பிரிந்து வாய் திறந்தால் அதுவும் வேண்டாம். நாங்கள் பட்டறையில் இன்னொன்று செய்வோம், இரண்டு போர்டை அடிப்பக்கம் அடிப்பக்கமாகச் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். கேம்பர் போர்டு என்றால் நடுவில் நல்ல இடைவெளி தெரிய வேண்டும். பழைய போர்டில் அந்த இடைவெளி சூம்பிப் போயிருந்தால் வில் செத்துவிட்டது என்று அர்த்தம்.

பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள். பணம் பற்றாக்குறை என்றால் போர்டில் குறைத்துக்கொண்டு பூட்ஸில் போடுங்கள். பழைய பூட்ஸ் வேறு ஒருவர் கணுக்காலுக்குப் படிந்திருக்கும். பாதம் 23.1 என்றால் 23.5 அளவு, அதற்கு மேல் போகாதீர்கள், இங்கேயும் அம்மா பெரிதாகக் கேட்பார்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி உள்ளே லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் தூக்கவே கூடாது. மகள் இல்லாமல் வாங்க வேண்டாம், அவள் போன பிறகு தடித்த காலுறை ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் கடைக்குள்ளேயே நடக்கட்டும்.

பைண்டிங் மிருதுவானதாக, பூட்ஸ் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரியவர்கள் பைண்டிங்கைப் பட்டையை இறுக்கி மாட்டிவிடலாம் என்று சொல்வார்கள், பூட்ஸ் உள்ளே ஆடும். போர்டின் துளைகளுக்கு அது பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும், பர்ட்டன் போர்டுகள் பலவற்றில் துளைக்குப் பதிலாக நீள வாய்க்கால் மாதிரி ஒன்று வரும், எல்லா பைண்டிங்கும் அதில் உட்காராது.

போர்டு கைக்கு வந்ததும், மூக்கும் வாலும் மேலே வளையத் தொடங்குகிற இடத்தில் எட்ஜைக் கொஞ்சம் மழுக்கச் சொல்லுங்கள். பாக்ஸ் மேல் ஓரம் மாட்டாமல் இருக்கும். கால்களுக்கு நடுவில் கை வைக்கக் கூடாது, அந்தக் கூர்மை ஐஸில் வேண்டும்.

டிசம்பர் முடிந்ததும் போர்டைத் தம்பி வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மதுரைக்குக் கொண்டுவந்து பரணில் போட்டால் சித்திரை வெயிலில் மேலே ஓடு கொதிக்கும்போது அது இருக்க வேண்டிய இடம் அது இல்லை. அங்கேயே எட்ஜைத் துடைத்து, அடியில் கெட்டியாக வேக்ஸ் பூசி, சுரண்டாமல் அப்படியே வைத்தால் அடுத்த சீசனுக்குத் தயாராக இருக்கும்.


நர்ஸ்_அக்கா_கேகேநகர் எழுதியது:

போர்டைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் எலும்பு முறிவுப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். விழும்போது கையை ஊன்றி விழுகிற பிள்ளைகளுக்கு மணிக்கட்டுதான் முதலில் உடையும், ஸ்கேட்போர்டிலும் அதுதான், ஸ்னோபோர்டிலும் அதுதான். போர்டுக்கு இவ்வளவு பார்க்கிறீர்கள், ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் வாங்கிவிடுங்கள். கையுறைக்கு உள்ளே போடுகிற மாதிரி வருகிறது. விழுந்தால் விரலை விரித்து ஊன்றாமல், முஷ்டி மூடி, முன்கையால் விழப் பழக்குங்கள். இங்கேயே பாய் போட்டுப் பழகலாம்.


திருமங்கலத்துப்_பொண்ணு எழுதியது:

அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். நான் எட்டு வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன், பார்க்கில் ஒரு நாளும் கழற்ற மாட்டேன்.

அண்ணே, தம்பி அந்த விற்பனைக்குப் போகிற அன்றைக்குச் சொல்லுங்கள், நானும் வீட்டுக்காரரும் எப்படியும் போவோம், கூட நின்று பார்த்துக் கொடுக்கிறோம். போர்டு வந்த பிறகு முதல் இரண்டு நாள் பாப்பா நேராக பார்க்குக்குப் போக வேண்டாம். பச்சைக் குறி போட்ட சுலபமான இறக்கத்தில் புதுப் போர்டு எவ்வளவு வளைகிறது, எங்கே பிடிக்கிறது என்று பழகட்டும். அங்கேயே ஒல்லி போடலாம், ஓரத்தில் குவிந்து கிடக்கிற சின்னப் பனிமேட்டில் ஏறி இறங்கலாம். அதற்குப் பிறகு பார்க்கில் இருப்பதிலேயே சின்ன பாக்ஸ்.


கூடல்நகர்_அப்பா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். திருமங்கலத்துச் சகோதரியும் அவர் கணவரும் சொன்னபடியே வந்து, தம்பியோடு இரண்டு மணி நேரம் சுற்றி, ஒரு போர்டு எடுத்துக் கொடுத்தார்கள். 131 செ.மீ., ட்வின், நடுவில் கேம்பர், முனைகள் தூக்கியது, எடை 34 முதல் 50 கிலோ. தம்பி மகளின் பாதம் வரைந்த தாளைப் பிரிண்ட் எடுத்து வெட்டிக்கொண்டு போயிருக்கிறான். பைண்டிங் துளை மேல் குறுக்கே வைத்துப் படம் அனுப்பினான், குதிகாலும் பெருவிரலும் ஓரத்தை அப்படியே தொடுகிறது. அந்தப் படத்தை மகள் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மணிக்கட்டுக் காப்பு இங்கேயே வாங்கிவிட்டோம், ஸ்கேட்போர்டிலும் இப்போது போடுகிறாள்.

அவளே கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: ஸ்கேட்போர்டில் வலது காலை முன்னால் வைத்து, இரண்டு பாதமும் போர்டுக்குக் குறுக்கே நேராக நிற்கிறாள். பைண்டிங்கையும் அப்படியே பூஜ்யம் டிகிரியில் மாட்டலாமா?


திருமங்கலத்துப்_பொண்ணு எழுதியது:

வலது கால் முன்னால் என்பதை மாற்ற வேண்டாம், பனியிலும் அதுவேதான். ஆனால் பூஜ்யம் வேண்டாம்டா பாப்பா. ஸ்கேட்போர்டில் பாதத்தை நினைத்தபடி நகர்த்திக்கொள்ளலாம், இங்கே கட்டிப்போட்டிருக்கும், நேராகக் கட்டிவிட்டுக் குந்தினால் முழங்கால் உள்பக்கம் முறுகும். முன்கால் 12 டிகிரி வெளியே, பின்கால் 9 அல்லது 12 டிகிரி எதிர்ப்பக்கம் வெளியே, அதிலிருந்து தொடங்கலாம், பின்பக்கமாக ஓட்டவும் அதுதான் வசதி. ஒவ்வொருவர் காலும் ஒவ்வொரு மாதிரி என்பதால் ஒரு வேலை செய். மொட்டைமாடியில் சாக்பீஸால் நேர்கோடு போட்டு, அதன் மேல் கண்ணை மூடி நாலைந்து தடவை குதி. பாதம் எந்த அளவுக்குத் திரும்பி விழுகிறதோ அப்படியே சுற்றி வரைந்து, இரண்டு குதிகாலுக்கும் நடுவில் எத்தனை செ.மீ. என்றும் எழுதி, அப்பாவைப் படம் எடுத்துப் போடச் சொல். அதை வைத்து இங்கே உன் சித்தப்பா வீட்டுக்குப் போய் நானே பைண்டிங்கைத் திருகி வைத்துவிடுகிறேன்.